சர்வர்கள் சாப்பிட உட்கார்ந்த நாள்

நேற்று மகன் பெரிய ஓட்டல் ஒன்றுக்குக் கூட்டிப் போனான். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை. "இதுல உனக்கு எவ்வளவு தம்பி வரும்?" என்று பரிமாறிய பையனிடம் கேட்டேன். சிரித்து மழுப்பினான். மகன் மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினான். கிள்ளட்டும். சிவகாசியில் சர்வராக இருந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் சாப்பாட்டு ஓட்டலில் சர்வர்கள் நான்கு பேர். இரண்டு வேளைச் சோறு உண்டு, சம்பளம் கிடையாது. "மேசைதாம்லே ஒனக்குச் சம்பளம் குடுக்குது, நான் வேற எதுக்குக் குடுக்கணும்?" என்பார் முதலாளி. தீபாவளி சீசனில் அது நியாயம் மாதிரியே தோன்றும். பட்டாசு ஆர்டர் கொடுக்க வரும் ஏஜெண்டுகள் இலையோரம் நாலணா வைத்துவிட்டுப் போவார்கள். தீபாவளி முடிந்தால் ஈ காக்கை வராது. தீப்பெட்டிக் கம்பெனி ஆட்களோ தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருகிறவர்கள். அவர்கள் எங்கே நம் ஓட்டலுக்கு வர!

எங்களில் மூத்தவர் ஆமத்தூர் முத்தையாண்ணன். வீட்டில் அண்ணிக்கு நிறைமாதம். மாசம் பிறந்தால் கையில் நிச்சயமாக ஒரு தொகை வேண்டும் அவருக்கு. ஓட்டல் ஆட்களுக்கும் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் இருப்பதை எங்கோ விசாரித்துவந்து, லேபர் ஆபீசுக்கு மனு எழுதினார். பேர் போட மற்ற மூன்று பேருக்கும் பயம். அவர் பேரில் மட்டுமே போனது.

லேபர் இன்ஸ்பெக்டர் பஸ்ஸைவிட்டு இறங்கிய சேதி அவருக்கு முன்னால் ஓட்டலுக்கு வந்துவிட்டது. "ஏலே, சட்டையை மாட்டிட்டு இலையில உக்காருங்கலே!" என்று முதலாளி அலறினார். இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது நாங்கள் மூவரும் கிராக்கிகள். முதலாளியும் மருமகனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினார்கள்.

"இது குடும்பத்து ஆளுக நடத்துற கடைங்க. சம்பள ஆளே கெடையாது" என்றார் முதலாளி.

என் இலையில் ஒரு கரண்டி நெய் விழுந்தது. மூன்று வருஷமாக ஊரார் இலையில் நான் ஊற்றிய நெய். வெட்கங்கெட்டவன், பிசைந்து ருசித்துத் தின்றேன்.

முத்தையாண்ணன் மட்டும் உட்காரவில்லை. சாம்பார் வாளியோடு நடுவில் நின்றார். "அய்யா, நான் இங்கன சர்வர். இந்தா உக்காந்திருக்கானே, இவனும் மூணு வருசமா என்கூடத்தான் வேலை பாக்கான். கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

முதலாளி நெய்க்கரண்டியோடு என் தலைக்கு மேலே நின்றார். "நான் சாப்பிட வந்தவங்க" என்றேன்.

அந்த இன்ஸ்பெக்டர் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். என் நகக்கண்ணில் ஏறியிருந்த மஞ்சளைப் பார்த்திருக்கக் கூடாதா மனுஷன்? என்னமோ எழுதிக்கொண்டு போயே போய்விட்டார். யார் மேலோ எரிந்து விழுந்து என்ன பிரயோசனம், வாய் என்னுடையது.

சாயங்காலமே முத்தையாண்ணனை வெளியே அனுப்பிவிட்டார்கள். படியிறங்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "வயிறு நெறஞ்சுச்சாலே?"

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடுத்த வருஷம் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். ஓட்டலில் சம்பளப் பதிவேடு வைத்தார்கள். முத்தையாண்ணன் எழுதிக் கேட்ட சம்பளத்தை நாங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கினோம்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனவன், வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். என்ன வேண்டும் என்று கடைப் பையன் கேட்டான்.

"நான் இங்கன வேலை பாத்தவன்யா" என்றேன்.

"சரிங்க" என்றான் பையன்.