கலங்கிய எட்டுக் குழாய்கள்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், பொறுத்துப் படியுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கும்படி டாக்டரம்மா சொன்னார்கள்.

அருப்புக்கோட்டையில் இந்தப் பல் கிளினிக்குக்கு வருவதற்கு முன் நூல் சாயப்பட்டறையில் இருந்தேன். அங்கே நூல் அலசும் தண்ணீர் கலங்கினால், முதலாளி பார்க்கும் முன் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஏச்சு விழும்.

டாக்டரம்மா, வேர் சிகிச்சையில் பல்லின் உள்ளே கழுவுவதற்கான புது மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். பிடுங்கிய பன்னிரண்டு பற்களில் லேப் டெக்னீசியன் சித்ரா கிருமியை ஏற்றினார். நான்கைப் புது மருந்திலும், நான்கைப் பழைய மருந்திலும், நான்கை வெறும் தண்ணீரிலும் கழுவினார்கள். ஒவ்வொரு பல்லிலிருந்தும் ஒரு துளி எடுத்து, கிருமி வளரும் சாறு உள்ள குழாயில் விட்டுச் சூட்டுப் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் காலை பெருக்க வந்தவன் பெட்டியைத் திறந்தேன். எட்டுக் குழாய்கள் கலங்கி இருந்தன. எட்டையும் கொட்டிக் கழுவி, பாட்டிலில் இருந்த புதுச் சாற்றை ஊற்றி வைத்தேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தார்கள். "ஏம்மா சித்ரா, தண்ணியில கழுவுனதுகூடத் தெளிவா இருக்கு. செத்த கிருமியவா ஏத்துன?"

"இல்ல மேடம், உசுரோடதான் ஏத்துனேன்."

"பொய் சொல்லாத. இனிமே நீ இந்த வேலையத் தொட வேணாம்."

சித்ரா எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்: "எட்டு கலங்கிருந்துச்சு டாக்டரம்மா. நாந்தான் கொட்டிட்டேன்."

"எங்க கொட்டுனீங்க?"

"வாசல் வேப்பமரத்துக்கு. வீணாக்கக் கூடாதுல்ல."

"அண்ணே, அது கிருமிண்ணே!" என்று டாக்டரம்மா பதறினார்கள்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகல. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

அழுதுகொண்டிருந்த சித்ரா சிரித்துவிட்டார். "என் வேலையக் காப்பி டம்ளர் மாதிரி கழுவிட்டீகளேண்ணே!"

டாக்டரம்மா என்னை மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார்கள். மரத்தடியில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார்கள். சித்ராவிடம், "கோவிச்சுக்காதம்மா, நீயே மறுபடி ஏத்து" என்றார்கள்.

மறுபடியும் எட்டு கலங்கின. அதில் நான்கு புது மருந்துக் குழாய்கள்; கலங்கினால் கிருமி சாகவில்லை என்று அர்த்தமாம். அந்த மருந்தின் மேல் டாக்டரம்மாவுக்கு நிறைய நம்பிக்கை. இருந்தாலும் கலங்கியதைக் கலங்கியது என்றே நோட்டில் எழுதினார்கள்.

குழாய் கலங்கியிருந்தால் கை வைக்காதீர்கள். அதைப் பார்ப்பதற்குத்தான் டாக்டரம்மா வருகிறார்கள்.

எழுதியது: ஆவணி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.