லீடர் போட்ட கையெழுத்து

நீளவாக்கில் தைத்த அந்தப் புத்தகத்துக்குப் பழுப்பு நிறத் துணி அட்டை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் ‘ஆறாம் பாரம், பி பிரிவு, கணக்கு’ என்று எழுதியிருந்தது. உள்ளே பக்கத்துக்கு நான்கு பத்திகள்: தேதி, நடத்தி முடித்த பாடம், ஆசிரியர் கையெழுத்து, கடைசியாக வகுப்பு லீடரின் கையெழுத்து. நான் வேலையில் சேர்ந்த காலையில் தலைமையாசிரியர் என் கையில் முதலில் கொடுத்தது அதைத்தான். சாக்கட்டிகூட அப்புறம்தான் வந்தது. புரட்டிப் பார்த்தேன். ஆசிரியர் கையெழுத்து இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்தது. லீடர் கையெழுத்து மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒன்றேதான். கொஞ்சம் பெரிய, நிமிர்ந்த எழுத்து.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தது. பட்டம் வாங்கியவனுக்குத் திடீரென்று எல்லா இடத்திலும் கிராக்கி. பட்டாளத்துக் கணக்கு ஆபீஸ், ரயில்வே, தானியக் கட்டுப்பாட்டு ஆபீஸ் என்று நாளுக்கொரு இடத்திலிருந்து அழைப்பு வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேருவது, பஸ் வரும்வரை டீக்கடையில் உட்காருவது போல ஆகிவிட்டது. கணக்கு வாத்தியார்கள்தான் முதலில் போனார்கள். அந்த வருஷம் எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். பையன்கள் பெயரை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, வந்த மாசத்தை வைத்தே கூப்பிட்டார்கள். ஆனி சார், ஆவணி சார், ஐப்பசி சார். நான் கார்த்திகை சார். என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கும் கோபம் வந்ததில்லை.

நாற்பது பேருக்கென்று கட்டிய அறையில் எண்பத்துமூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் எழுத முடியாது, முழங்கை இடிக்கும். அதனால் பெஞ்சுக்கு இரண்டு பேர் எழுதுவார்கள், மற்ற மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். கால் மணிக்கு ஒருதரம் லீடர் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவான். எழுதியவர்கள் பேனாவை மூடுவார்கள், அடுத்தவர்கள் திறப்பார்கள். எழுத விட்டுப்போனதைச் சாயங்காலம் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். ஜன்னல் கட்டைகளில் உட்காரவும் முறை வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் லீடருடையது. எந்த வாத்தியாரும் அதில் தலையிட்டதில்லை, தலையிடுகிற அளவுக்கு யாரும் அங்கே இருந்ததும் இல்லை.

லீடர் கறம்பக்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். பள்ளிக்கூடத்தில் தாமதமாகச் சேர்ந்ததால் மற்றவர்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன், லேசாக மீசைகூட இருந்தது. புதுக்கோட்டையில் உறவினர் ஒருவருடைய மண்டியில் தங்கிப் படித்தான். சர்வேயர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. அவர்கள் நிலத்தை அளக்க வந்த சர்வேயருக்குச் சங்கிலி பிடித்துக்கொண்டு ஒருநாள் முழுக்க வரப்பில் நடந்தானாம். அன்று பிடித்த ஆசை. அதற்குப் பள்ளியிறுதி வகுப்பான ஆறாம் பாரம் தேறியாக வேண்டும், கணக்கில் நல்ல மார்க் வேண்டும். இதை அவனாக என்னிடம் சொல்லவில்லை. நோட்டின் பின்னட்டையில் அவன் தங்கள் நிலத்தின் படத்தை அளவெடுத்துப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்து நான் கேட்டபோதுதான் சொன்னான்.

முதல் நாள் நான் புத்தகத்தில் கண்ட இடத்துக்கு அடுத்த பாடத்தை ஆரம்பித்தேன். வகுப்பு என்னைப் பார்த்தபடி இருந்தது. ஒருவன் முகத்திலும் ஒன்றும் ஓடவில்லை. மணி அடித்த பிறகு லீடர் மேஜைக்கு வந்து, முந்தைய மூன்று பாடங்களும் நடக்கவில்லை என்று சொன்னான். நடந்ததாகப் போட்டிருக்கிறதே, கடைசிப் பத்தியில் யாருடைய கையெழுத்து என்று கேட்டேன்.

“என்னோடதுதான் சார். போடச் சொன்னாக, போட்டேன்.”

அதன் காரணம் எனக்கு இரண்டு நாளில் விளங்கிவிட்டது. வாத்தியார்கள் ஓடுவதைத் தடுக்கத் தலைமையாசிரியரிடம் வேறு ஆயுதம் இல்லை. அந்த மாசம் வரை நடத்த வேண்டிய பாடங்கள் முடிந்திருந்தால்தான் விடுவிப்பு உத்தரவு தருவேன் என்று முந்தைய வருஷம் ஒரு விதி போட்டார். வாத்தியார்கள் நடத்தாததையும் நடத்தியதாக எழுதினார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டு, லீடரும் கையெழுத்திட வேண்டும் என்று இன்னொரு விதி போட்டார். பையன் பொய் சொல்ல மாட்டான் என்று அவர் நம்பினார். பையன் பொய் சொல்ல மாட்டான், வாஸ்தவம்தான். ஆனால் எதிரே நின்று புத்தகத்தை நீட்டும் வாத்தியாரிடம் மாட்டேன் என்று எந்தப் பையன் சொல்வான்? அதை அவர் யோசிக்கவில்லை. போகிறவர் எழுதிய இடத்திலிருந்து வருகிறவர் ஆரம்பிப்பார். நடுவில் உள்ள பாடங்கள் காகிதத்தில் மட்டும் முடிந்திருக்கும்.

நான் நல்லவனாகத்தான் ஆரம்பித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். திரும்பிப் போய் அந்த மூன்று பாடங்களையும் நடத்தினேன். மார்கழிக் குளிரில் முதல் மணிக்கு முன்னாலேயே வகுப்பு வைத்தேன், எண்பத்துமூன்று பேரில் எழுபது பேர் வந்துவிடுவார்கள். லீடர் எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சுகளை நெருக்கிப் போட்டுவைப்பான். அவனுக்கு மெதுவாகத்தான் புரியும். புரிந்துவிட்டால் போகாது. ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் விடையைச் சுற்றிக் கட்டம் கட்டுவான், வரப்புப் போடுவதுபோல. ஆனால் பழைய பாக்கியை முடிப்பதற்குள் என் பங்குக்கு உரிய பாடங்கள் பின்தங்கிவிட்டன. தொடுகோடு, ஒத்த முக்கோணங்கள், கிராப் கணக்கு, மூன்றும் நின்றன. மாசியில் நடத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

தை கடைசியில் தானியக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து எனக்கு உத்தரவு வந்தது. ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும். வாத்தியார் சம்பளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சமஸ்தானத்தில் நிரந்தர உத்தியோகம். தலைமையாசிரியர் என் கடிதத்தை மூன்று நாள் மேஜையில் கல்லுக்கு அடியில் வைத்திருந்தார். பரீட்சைவரை இருக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலைப் பார்த்தார். நாலாம் நாள், “புஸ்தகத்தை முடிச்சுக் கொண்டாங்க” என்றார். மூன்று பாடம் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மத்தியான இடைவேளையில் ஆளில்லாத வகுப்பில் உட்கார்ந்து மூன்று வரிகளை எழுதினேன். மூன்று பாடத்துக்கு மூன்று தேதி போட்டேன். ஒரு தேதி ஞாயிற்றுக்கிழமையாகப் போய்விட்டதைக் கவனித்து அதைத் திருத்தவும் செய்தேன். பிறகு லீடரைக் கூப்பிட்டேன். அவன் சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். புத்தகத்தைப் படித்தான். முந்தையவர்கள் நீட்டியபோது அவன் படித்தானா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் படித்தான்.

“நான் இதுல போட்டேன்னா, வரப்போற சார் இந்தப் பாடத்தையெல்லாம் தொடமாட்டாக சார்.”

புதியவர் எப்படியும் எல்லாவற்றையும் திருப்பி நடத்துவார், நானே அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். சரிங்க சார் என்று பேனாவை வாங்கிக்கொண்டான். மூன்று இடத்திலும் போட்டான். எழுத்து வழக்கம்போல நிமிர்ந்துதான் இருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அன்று சாயங்காலம் எனக்கு வழியனுப்பு. நாலாவது தடவை என்பதால் எல்லாம் பழகிப்போயிருந்தது. ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சாமந்தி மாலை, முன்வரிசைப் பையன் ஒருவனின் பேச்சு. பேச்சு ஐப்பசி சாருக்கு எழுதியதேதான், பெயர் இருந்த இடத்தில் மட்டும் என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். பையன்கள் கை தட்டினார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருக்கவில்லை. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வாத்தியார் போவதற்கெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் அந்த வகுப்பில் ஒரு வருஷத்தைத் தள்ள முடியாது.

எனக்கு அடுத்தவர் மாசி பிறந்து பத்து நாள் கழித்துத்தான் வந்தார். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. புது ஆபீஸ், புது வேலை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போயிற்று. அவர் புத்தகத்தைப் பார்த்தார், பாடம் முழுவதும் முடிந்திருந்தது, பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பழக்கினார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சையில் தொடுகோடும் முக்கோணமும் கிராப்பும் வந்தன. தேறிக் கல்லூரிக்குத் தகுதியானவர்கள் பட்டியல் வெளியானபோது ஆபீஸில் இருந்த பத்திரிகையில் பார்த்தேன். பி பிரிவில் பாதிப் பேர் எண் இல்லை. லீடர் எண்ணும் இல்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அரிசி பெர்மிட்டுக்கு வந்த மனுக்களைத் தாலுகா வாரியாகப் பிரித்தேன். அந்த மத்தியானம் நான் என்ன சாப்பிட்டேன் என்பதுவரை நினைவிருக்கிறது. வேறு எதுவும் தோன்றியதாக நினைவில்லை.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை லீடர் என் ஆபீஸுக்கு வந்தான். கையில் துணிப்பை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினான். பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் இன்னும் நெரிசலாம். தவறியவர்களைத் திரும்பச் சேர்க்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வாத்தியார் இல்லாமல் பாடம் நின்றுபோனவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு. அவர் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாப் பாடமும் நடந்திருக்கிறது, அதற்குச் சாட்சியாக நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று இவனிடமே காட்டியிருக்கிறார். சனிக்கிழமை சேர்க்கைக்குக் கடைசி நாள்.

“இன்னொரு வருஷம் படிக்க அப்பா சரின்னுட்டாக. எடந்தான் சார் வேணும். அந்த மூணு பாடமும் நடக்கலைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா ஹெட்மாஸ்டர் சேத்துக்கிறேன்னாக.”

அவன் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் கொஞ்சம் கோபப்பட்டிருப்பேன். சமஸ்தானத்துப் பள்ளிக்கூடத்துப் பதிவில் நான் பொய் எழுதினேன் என்று, சமஸ்தானத்து உத்தியோகத்தில் தகுதிகாண் காலத்தில் இருக்கும் நானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதைத்தான் அவன் கேட்டான். அப்படி ஆகும் என்பது அவனுக்குத் தெரியுமா என்று அவன் முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. யோசித்து எழுத வேண்டும், நாளைக்கு வா என்றேன்.

“சரிங்க சார். வாரேன்.”

அவன் போன பிறகு, மறுநாள் திருமயம் பக்கம் நெல் இருப்பைச் சோதிக்கப் போக வேண்டியிருந்த சகாவிடம் நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் அங்கே இருந்தேன். வேலை ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்குத் திரும்பினேன். பியூன் மேஜையைத் துடைத்துக்கொண்டே விவரம் சொன்னான்.

“மூணு நாளும் அந்தத் தம்பி வந்து இங்கிட்டுப் பெஞ்சுல ஒக்காந்திருந்துச்சு சார். கட்டுச்சோத்தையும் இங்கனயே தின்னுச்சு. இன்னைக்கு வரலை. நேத்து போறப்ப இதைக் குடுக்கச் சொல்லுச்சு.”

நாலாக மடித்த வெள்ளைத் தாள். நான் எழுத வேண்டிய கடிதத்தை அவனே எழுதியிருந்தான். நிமிர்ந்த அதே எழுத்து. தொடுகோடு, ஒத்த முக்கோணங்கள், கிராப் கணக்கு ஆகிய மூன்று பாடங்களும் முன்பு விடுபட்ட பாடங்களை நடத்த நேர்ந்தபடியால் காலம் போதாமல் நின்றுவிட்டன என்றும், பதிவில் ஏற்பட்டது கவனப்பிசகு என்றும், அதனால் மாணவருக்கு உதவும்படி கேட்டுக்கொள்வதாகவும் இருந்தது. பொய் என்ற சொல் எங்கும் இல்லை. என்மேல் பழி விழாதபடி ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் யோசித்திருக்க வேண்டும். கீழே என் பெயரை எழுதி, அதற்கு மேல் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. பியூனிடம் கொடுத்தால் டீ குடிக்கப் போகும்போது கொடுத்துவிட்டு வந்திருப்பான். நான் பேனாவைத் திறந்தேன். மேஜையில் இருந்த பெர்மிட்டுகளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன், அன்றைக்கு ஒரு கட்டு இருந்தது. அவன் தாளை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

அவன் சர்வேயர் ஆகவில்லை என்று அந்த வகுப்பில் படித்த ஒருவன் பிற்பாடு சொன்னான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. சமஸ்தானம் போய் ஜில்லாவில் சேர்ந்தது, ஆபீஸ் பெயர் இரண்டு தடவை மாறியது, நான் படிப்படியாக உயர்ந்து ஓய்வும் பெற்றேன். இடையில் எத்தனையோ ஊர்களுக்கு முகாம் போனேன். அவன் ஊர்ப் பக்கமான கறம்பக்குடியில் முகாம் வந்தால் மட்டும் வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடுவேன். அந்தப் பக்கத்துத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.