கப்பலில் வராத சித்தப்பா

கொழும்புக்குப் போக அப்போதெல்லாம் ஒரே வழிதான். ரயிலேறித் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், கப்பலில் வாந்தி. இந்த மூன்றையும் முடித்துத்தான் எங்கள் சித்தப்பாவும் அங்கே ஒரு துணிக்கடையில் போய்ச் சேர்ந்திருந்தார்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், பரமத்தி வேலூரில் அப்பாரு, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், படுக்கையில் விழுந்தார். பார்வை எப்போதோ போயிருந்தது. இப்போது சோறும் நின்றது. உயிர் மட்டும் பிரியவில்லை. மண்ணாசையாக இருக்கும் என்று வெற்றிலைக் கொடிக்கால் மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டார்கள். அப்பாரு சப்புக்கொட்டிவிட்டு, "இது வாய்க்கா மண்ணு. கொடிக்கா மண்ணு இப்பிடிக் கரிக்காது" என்றார்.

அப்படியானால் மகனாசைதான் என்று முடிவாயிற்று. தந்தி அடித்தார்கள். "பையன் வந்து கையப் புடிச்சா அன்னிக்கே போயிருமுங்க" என்று கட்டிலைச் சுற்றி நின்றே பேசிக்கொண்டார்கள். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அவசரக்காரரான அத்தை வீட்டு மாமா அன்று மாலையே சித்தப்பா குரலில், "ஐயா, நான் வந்துட்டனுங்க" என்று பேசிப் பார்த்தார்.

"போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பாரு.

மறுநாள் மதியம் நிஜச் சித்தப்பாவே வந்து நின்றார். முதலாளி இரக்கப்பட்டு ஆகாய விமானத்தில் திருச்சிக்கு ஏற்றி அனுப்பினாராம், அங்கிருந்து பஸ். காதை அடைத்துக்கொள்ள விமானத்தில் கொடுத்த பஞ்சு அவர் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு சாவு காத்திருந்த நேரத்தில் என் கவலை அந்தப் பஞ்சுதான்.

சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். "ஐயா, நானுங்க."

அப்பாரு அந்தக் கையை விரல் விரலாக நெடுநேரம் தடவினார். பிறகு விட்டுவிட்டார். "எம்பையன் கப்பல்லதான் வருவான். இன்னும் ரெண்டு நாளாவும்."

"ஏரோப்ளேன்ல வந்தனுங்கய்யா!"

"நீ என்ன காக்காயா, பறந்து வாரதுக்கு?"

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கப்பல் கணக்குப்படி வரவேண்டிய நாளில் வந்தால்தான் நம்புவார் என்று தீர்ந்தது. அதுவரை சித்தப்பாவுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கொடிக்கால் குடிசைதான் வாசம். அங்கே அப்பாருவின் இருமல் கேட்கும். கடலையே ஒரு மூச்சில் தாண்டி வந்த மனுஷன் ஒரு வாய்க்காலைத் தாண்ட முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குறித்த நாளில் மாட்டுவண்டியில் ஊரைச் சுற்றி, சலங்கைச் சத்தத்தோடு வாசலில் வந்து இறங்கினார்.

"கப்பல்ல வந்தியா சாமி?"

"ஆமாங்கய்யா."

"வாந்தி எடுத்தியா?"

"எடுத்தனுங்க."

அப்பாரு சிரித்தார். மகனின் கழுத்தைத் தடவி, "கப்பல்லயும் கொசு சாஸ்திதான் போல. தடிச்சுக் கெடக்குது" என்றார். சித்தப்பா அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் பால் விட்டார்கள். அதற்கு அப்பாரு குறையொன்றும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து சித்தப்பா கப்பலிலேயே திரும்பிப் போனார். நான் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் கிழவரை எப்படி ஏமாற்றினோம் தெரியுமா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அடையாளம் தெரியாத கையை அவர் முதல் நாள் எதற்கு அத்தனை நேரம் தடவினார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.