பாகூரிலிருந்து போன மூட்டைகள்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கொடுத்தாலும் அதன்மேல் பேரை எழுதிவிடுவார்கள். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுப்பார்கள். 'உபயம்' என்று ஆரம்பித்து அப்பன் பேர், பாட்டன் பேர், தெருப் பேர் எல்லாம் சிவப்பு பெயிண்டில் எழுதி முடித்தால் வெளிச்சம் வர இடம் இருக்காது. சாமி இருட்டில் உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் நானும் தங்கச்சியும் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கச்சியை இலங்கையில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கடலூர்ப் பக்கம்தான், அவர் அப்பா காலத்தில் அங்கே போய் ஜவுளிக்கடை வைத்தவர்கள். எழுபத்தேழாம் வருஷக் கலவரத்தில் கண்டியிலிருந்த கடையைக் கொளுத்திவிட்டார்கள். உயிர் தப்பினால் போதும் என்று மட்டக்களப்புக்கு ஓடி, அங்கே சின்னதாக ஒரு கடை போட்டார்கள். அந்த அரசாங்கத்துக்குத் தமிழ் பேசுகிறவன் என்றாலே சந்தேகம். இந்தியாவிலிருந்து வந்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். தங்கச்சி ரோட்டில் போகும்போது போலீஸைக் கண்டால் வாய் திறக்கமாட்டாளாம்.

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை. எங்கள் பாகூர் ஏரி ததும்பி நின்றது. புயல் நமக்குத்தான் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது அது போய் மட்டக்களப்பில் விழுந்தது. ஊரே தரைமட்டம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி பகல் தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

கிருமாம்பாக்கத்தில் ஒரு வியாபாரி இருந்தார். ராமேஸ்வரத்திலிருந்து கப்பலேறி அங்கே போய் கைலி, சேலை விற்றுவிட்டு வருகிறவர். தங்கச்சிக்கு நான் கொடுக்கிற ஊறுகாய், வடகம் எல்லாம் அவர் பெட்டியில்தான் போகும். அவர்தான் ஒருநாள் அங்கிருந்து திரும்பி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உயிரோட இருக்குதும்மா, பயப்படாத," என்றார். "ஆனா வூட்டு மேல ஓடு இல்ல. கெணறு பூரா உப்புத்தண்ணி. கொழந்தைக்கு வயித்தால போவுது. பால்மாவு எங்கியும் கெடைக்கல. தாய்க்கும் பால் வத்திப்போச்சி."

எட்டு மாதப் பெண் குழந்தை. நான் இன்னும் பார்க்காத குழந்தை.

அன்றைக்கே பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனேன். கடை கடையாக அலைந்து பால்மாவு டப்பாக்கள் வாங்கினேன். டாக்டரிடம் அழுது, வயிற்றுப்போக்குக்கு மருந்து எழுதி வாங்கினேன். எல்லாவற்றையும் பழைய சேலையில் சுற்றி ஒரு சின்ன மூட்டையாகக் கட்டினேன். "என் பெட்டியிலயே வச்சிக்கறேன். கேட்டா பேத்திக்குன்னு சொல்லிடறேன்," என்றார் வியாபாரி. அத்தோடு அவர் கிளம்பியிருந்தால் போதும். நாலு நாளில் குழந்தை வாயில் பால் விழுந்திருக்கும்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. எங்கள் ஊரை நான் குறை சொல்லவே மாட்டேன், அந்த மனசு யாருக்கு வரும்! அவரவர் வயலில் தண்ணீர் நிற்கிறது, பயிர் அழுகிக்கொண்டிருக்கிறது. அப்படியும் நடவுக்குப் போகிற பெண்கள் கூலி நெல்லை மடியோடு கொண்டுவந்து கொட்டினார்கள். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், தன் போர்வைக் கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தார். இளைஞர் மன்றத்துத் தலைவர் தன் வீட்டுக் குதிரிலிருந்து அள்ளிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு அவர் பால்ய சிநேகிதர், தங்கமான மனுஷர், தொண்டை மட்டும் கொஞ்சம் பெரிசு. நெல்லை மில்லில் அரைத்ததும் மன்றத்து வாசலில் அரிசி மூட்டை மலையாகக் குவிந்தது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், பொய் சொல்லவில்லை.

அப்புறம் பெயிண்ட் டப்பா வந்தது.

முதலில் யார் பேரை மேலே எழுதுவது என்று சண்டை. மேலத்தெருவா கீழத்தெருவா? இந்தக் கட்சியா அந்தக் கட்சியா? அரிசியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அடித்துக்கொண்டார்கள். அங்கே ஒரு குழந்தை துவண்டு கிடக்கிறது, இங்கே இவர்களுக்குப் பேர்ப் பொருத்தம்! கடைசியில் தலைவர் சமாதானம் செய்தார். யார் பேரும் வேண்டாம், ஊர்ப் பேர், கொம்யூன் என்கிற எங்கள் பஞ்சாயத்துப் பேர் போதும் என்றார். ஒவ்வொரு மூட்டையிலும் கறுப்பிலும் சிவப்பிலும் எழுதினார்கள்: 'ஈழத்தமிழ்ச் சொந்தங்களுக்கு, பாகூர் கொம்யூன் மக்கள் உபயம்.'

அத்தனையையும் கொண்டுபோக வேண்டிய வியாபாரிக்கு முகம் செத்துப்போய்விட்டது. "தலைவரே, வெறும் சாக்கா குடுங்க. அந்த 'ஈழம்'ங்கற வார்த்தையப் பாத்தாலே அங்க புடிச்சி உள்ள போட்டுடுவான்," என்று கெஞ்சினார்.

"இன்னாய்யா இப்படிப் பயப்படற? நம்ம சனத்துக்கு நம்ம குடுக்கறோம். எவன் கேப்பான்?"

"அவன் கேப்பான்பா! அவன் நாடு அது!"

"கேக்கட்டும். குடுத்தது யாருன்னு தெரிய வேணாமா?"

நான் புகுந்தேன். ஆண்கள் நடுவில் பொம்பளை பேசுகிறாள் என்று பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். "அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். அங்க இருக்கறது என் தங்கச்சி. எழுத்து அவளுக்கு எதுக்கு? அரிசி போனா போதாதா?" என்றேன்.

"நீ ஏம்மா கலங்கற? உன் தங்கச்சி எங்களுக்கும் தங்கச்சிதான்," என்றார் தலைவர். அதை நெஞ்சாரத்தான் சொன்னார். அந்த மனுஷரை என்ன சொல்லித் திட்டுவது?

அத்தனை மூட்டையைக் கப்பலில் ஏற்ற வேண்டுமென்றால் அக்கரையில் எடுத்துக்கொள்ள ஒரு ஆள் பேர் கொடுத்தாக வேண்டும். ஊரில் யாருக்கும் அங்கே வேறு ஆள் தெரியாது. தங்கச்சி வீட்டுக்காரர் பேரைக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அதோடு விட்டதா? என் வீட்டுக்காரர் என் சின்ன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், டப்பா நசுங்காமல் இருக்கட்டும் என்று ஒரு அரிசிச் சாக்கின் நடுவில் வைத்துத் தைக்கக் கொடுத்துவிட்டார். ஊரே சேர்ந்து அனுப்பும்போது நம்முடையது மட்டும் தனியாகப் போனால் நன்றாயிருக்காதாம். நான் ஓடிப்போய்ச் சாக்கைப் பிடித்து இழுத்தேன்.

"ஊர் முன்னாடி மானத்த வாங்காதடி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மைக் செட், மேளம், மாலை எல்லாம் போட்டு லாரியை அனுப்பினார்கள். வியாபாரி டிரைவர் பக்கத்தில் கருமாதிக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். நான் பிள்ளையார் கோயில் வாசலில் போய் விழுந்தேன். வேறு யாரிடம் சொல்வது?

வியாபாரி திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். இறங்கின இடத்திலேயே பிடித்துக்கொண்டார்களாம். யார் அனுப்பினது, எதற்கு அனுப்பினது, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். இனி இந்தப் பக்கம் வராதே என்று அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மூட்டைகளைச் சாட்சிப் பொருள் என்று மட்டக்களப்புக்கு அனுப்பி ஒரு கோடவுனில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். அன்றைக்கே தங்கச்சி வீட்டுக்காரரையும் விசாரணைக்கென்று கொண்டுபோய்விட்டதாக அவர்களே சொன்னார்களாம்.

"கொழந்த?" என்றேன்.

"நான் அந்தப் பக்கமே போவ முடியலியேம்மா," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சாயந்திரம் பார்த்தால் மன்றத்து வாசலில் மறுபடியும் மைக் கட்டுகிறார்கள். கண்டனக் கூட்டமாம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆவேசம் வந்ததோ, தலைவிரி கோலமாய்ப் போய் வயரைப் பிடுங்கினேன். "இங்க மாப்பிள்ள பேர மைக்குல சொல்லுங்க, அங்க அவர அடிச்சே கொன்னுடுவாங்க. அப்பதான் உங்களுக்குத் திருப்தியா? பாவிங்களா, இன்னும் இன்னா உபயம் பாக்கி இருக்குது?" என்று அலறினேன். தலைவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கூட்டம் நடக்கவில்லை. அதற்கப்புறம் அவர் பெயிண்ட் டப்பாவைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

மாசி மாதம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையை வெளியே விட்டு, நாட்டைவிட்டுப் போ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பஸ்ஸிலிருந்து முதலில் அவர் இறங்கினார், கையில் ஒரு பை. பிறகு தங்கச்சி. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைத்தான் பார்த்தேன். காலியாக இருந்தது. ரோடு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. என் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

குழந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானாகச் சொன்னாள்.

"என்னையும் அந்த கோடவுனுக்குக் கூட்டினு போனாங்கக்கா. பாப்பாவ இடுப்புல வச்சினு போனேன். கண்ணே தொறக்கல அது. கதவத் தொறந்து காட்டினாங்க. பாகூர்னு எழுதியிருந்துது. நம்ம ஊர் பேரப் பாத்ததும் எனக்கு அப்படி அழுவ வந்துடுச்சி. இது உனக்கு வந்ததான்னு போலீஸ்காரன் கேட்டான். ஆமான்னு சொன்னா அவர வுடமாட்டான். எனக்கு எதுவும் தெரியாதுய்யா, எவனோ எங்க பேருக்கு அனுப்பிட்டான்னு சொன்னேன். பாகூர்ல உனக்கு யாரு இருக்காங்கன்னு கேட்டான். அது எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாதுன்னு சொன்னேன்க்கா. அதுக்கப்புறம்தான் அவர வுட்டாங்க. அதுக்குள்ள பாப்பா போயிடுச்சி."

பானையில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

"ஏக்கா," என்றாள், என்னைப் பார்க்காமல். "அந்த மூட்டைல பாப்பாவுக்கு எதுனா வச்சிருந்தியா?"

"இல்லடி," என்றேன். "எல்லாம் அரிசிதான்."