நாலு மெஷினும் ஒரு சட்டையும்

அன்றைக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: அம்மா. அம்மாவின் தங்கை, சின்னம்மா. பக்கத்து வளவு மாமி. எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையின் முகப்பு வீட்டு அக்கா. நான். எனக்கு ஒன்பது வயது. அப்பா இல்லை, அது வேறு கதை. நடுவில் காலால் மிதிக்கிற புதுத் தையல் மெஷின் ஒன்று. அதே மாதிரி மெஷின் மற்ற மூன்று பேர் வீட்டிலும் இருந்தது.

நாலு பேரும் ஒரே கார்மென்ற்சில், உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில், வேலை செய்தவர்கள். விடியப் பஸ் வந்து ஏற்றிப் போகும். ஆறு வருடம் போனார்கள். பிறகு கம்பனி வேலையை ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுக்குக் கொண்டு போய்விட்டது. அங்கே சம்பளம் குறைவாம்.

“எங்களிலும் குறைவா வாங்கிற ஆக்களும் இருக்கினமோ?” என்று மாமி கேட்டார்.

வேலை போனவர்களுக்கு அரசாங்கம் வாழ்வாதார உதவி கொடுத்தது. கோழி, ஆடு, தையல் மெஷின், இதில் ஒன்று. அம்மா கோழி கேட்டார். பெயர் எழுத வந்த கிராம அலுவலர், விதானையார், சிரித்தார்.

“கார்மென்ற்சிலை தைச்ச ஆளுக்கு என்னத்துக்குப் பிள்ளை கோழி?”

நாலு பேருக்கும் மெஷின் என்று எழுதிவிட்டார்.

அவருக்கு ஒன்று தெரியாது. நாலு பேரில் ஒருவருக்கும் சட்டை தைக்கத் தெரியாது. அம்மா ஆறு வருடமும் கொலர் தைத்தவர். சின்னம்மா கை பொருத்தியவர். மாமி பொக்கற். அக்கா பட்டன். துண்டு வரும், தைப்பார்கள், அடுத்த ஆளுக்குப் போகும்.

ஒரு மாதத்தில் உத்தியோகத்தர் வீடு வீடாக வருவார், மெஷினில் தைத்ததைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மெஷின் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். மாதம் முடிந்துவிட்டது. விடிந்தால் வருகிறார்.

குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அம்மா சின்னம்மாவுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

“மெஷின் நிண்டா நானும் நிப்பன். அதைக் கொண்டு போச்சினமெண்டா நானும் போறன்.”

ஆகவே அந்தச் சட்டை சரியாக வர வேண்டும் என்று நான் மெஷினுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

துணி என்னுடையது. பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிற வெள்ளைச் சீருடைத் துணி. அதை வெட்ட ஒருவருக்கும் தெரியாது. கார்மென்ற்சில் வெட்டுகிற இடம் வேறு கட்டடம். மாமி என் பழைய சட்டையைப் பிரித்துத் துணிக்கு மேல் பரப்பினார்.

“இன்னும் நீளம் விடுங்கோ” என்றார் அம்மா.

“உது காணும் பிள்ளை.”

“காணாது. விடுங்கோ. அகலமும் விடுங்கோ.”

“ஆருக்கடி தைக்கிறாய், பொடியனுக்கோ வெள்ளைக்காரனுக்கோ?”

துணி முழுதும் போனது. துண்டு மிஞ்சவில்லை.

கார்மென்ற்ஸ் மெஷினுக்குக் காலை வைத்தால் போதும், கரண்ட் ஓட்டும். இதை அம்மா மிதித்தவுடன் பின்னுக்கு ஓடி நூலை அறுத்தது. மறுபடி மிதித்தார். மறுபடி அறுத்தது.

“உதுவும் ஆபிரிக்காவுக்குப் போகப் பாக்குது” என்றார் மாமி.

பிறகு ஓடியது. அம்மா கதைத்துக்கொண்டே கொலரைத் தைத்தார், துணியைப் பார்க்கவே இல்லை. சின்னம்மா கைகளை வைத்தார். மாமியின் பொக்கற் கோடு போட்டது போல இருந்தது. தோளில்தான் நின்றது. தோள் தைத்த பெண் கிளிநொச்சிக்காரி, அவர் இங்கே இல்லை. முதல் தரம் உள்பக்கம் வெளியே வந்தது. பிரித்தார்கள். சண்டை பிடித்தார்கள். அக்கா பட்டனைக் கையால் தைத்து முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. நாலு பேர், ஒரு பகல், ஒரு சட்டை.

எனக்குப் போட்டுப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே நின்றது. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்.

“அப்ப மற்ற மூண்டு மெஷினுக்கும் என்னத்தைக் காட்டுறது?” என்று சின்னம்மா கேட்டார்.

“உதையே காட்டுவம். சட்டையிலை ஆற்றையும் பேர் எழுதிக் கிடக்கோ?” என்றார் மாமி.

அவர்கள் போனபிறகு அம்மா தனியே இருந்து சட்டையின் கீழ்ப்பக்கத்தை மடித்து மடித்துத் தைத்தார். சட்டை அளவுக்கு வந்தது.

மறுநாள் உத்தியோகத்தர் விதானையாரோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். இளம் ஆள். முதலில் முகப்பு வீடு. சட்டையைப் பார்த்தார், நல்லம் என்றார். அக்கா பால் விடாத பிளேன்ரீ குடிக்கச் சொல்லி மறித்தார். அதற்குள் நான் சட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குசினிப் பக்கத்தால் ஓடி, வேலியில் இருந்த ஓட்டை, பொட்டுக்குள் நுழைந்து சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அங்கேயும் பார்த்தார், நல்லம் என்றார். அங்கேயும் பிளேன்ரீ. நான் அடுத்த பொட்டால் மாமி வீட்டுக்குப் போனேன்.

மாமி வீட்டில் அவர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாரும் ஒரே மாதிரித் தைச்சிருக்கிறியள்.”

“கார்மென்ற்சிலை அப்பிடித்தான் சேர் பழக்கினவை.”

“பொக்கற்றிலை சின்ன மஞ்சள் கறையும் ஒரே மாதிரிக் கிடக்கு.”

மாமி பிளேன்ரீ வேண்டுமா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றார். வயிறு நிரம்பியிருக்கும்.

அதனால் அவருக்கு முன்னே எங்கள் வீட்டுக்கு ஓட எனக்கு நேரம் போதவில்லை. வழியிலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். உத்தியோகத்தர் படியேறும்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். வேலியில் இருந்த தென்னங்கிடுகுத் தும்பு தோளில் ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்துப் போட்டார்.

“தம்பி, சட்டை ஆற்றை?”

“என்ரை.”

அது உண்மை. விதானையார் ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றார்.

“அக்கா, தனிய முழுச் சட்டை தைப்பியளோ?”

“கொலர் தைப்பன் சேர்.”

அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு, “சரி அக்கா, மெஷின் உங்களிட்டையே இருக்கட்டும்” என்றார். அன்றைக்கு நாலு வீட்டிலும் அப்படியே எழுதினார். அவர் போன பிறகு நான் முற்றத்தைச் சுற்றி ஓடினேன். அம்மா, “சட்டையைக் கழட்டு, ஊத்தையாக்காதை” என்றார்.

அடுத்த மாதம் அரசாங்கத்திடமிருந்து கத்தரிக்கோலும் நூல்கட்டைகளும் வந்தன. மெஷின் எங்கள் வீட்டிலேயே நின்றது. அம்மா குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும். எனக்கு விளங்கவில்லை. சட்டை வடிவாகத்தானே வந்தது.

என்னைச் சின்னம்மா வைத்திருந்தார். அடுத்தடுத்த வருடங்களிலும் பள்ளிக்கூடத்தில் துணி தந்தார்கள். கொலர் தைக்க ஆள் இல்லை. அந்தச் சட்டையையே நீலம் போட்டுப் போட்டு உடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் சட்டையில் கீழே ஒரு மடிப்பு விட்டுத் தைப்பார்கள். வளர்கிற பிள்ளை, அடுத்த தை மாதம் புது வகுப்புத் தொடங்கும்போது பிரித்துவிடலாம். அதற்கு அடுத்த சட்டையைத் தாய் தைப்பார், அல்லது தைப்பிப்பார். அதனால் ஒன்று போதும். முதல் தை மாதம் சின்னம்மா என் சட்டையில் ஒரு மடிப்பைப் பிரித்தார். பிரித்துவிட்டு மிச்சத்தைக் கையில் பிடித்தபடி இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் கத்தினேன்.

உத்தியோகத்தர் வருவதற்கு முதல் நாள், மெஷின் நிற்குமோ போகுமோ என்று தெரிய முன்பே, அம்மா தைத்து வைத்த மடிப்புகள் அவை. நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்று.