தங்கமும் வம்பும்

எங்கள் கண்ணாடிக் கடையில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருவர் "இறக்கு" என்று சொல்லிவிட்டால், மற்றவர் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. இருவரும் சேர்ந்து குனிந்து அந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கேள்வி, கோபம் எல்லாம் அப்புறம். இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் மாமனார். அதில் ஓட்டை போட்டவரும் அவர்தான்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா அவரைத் "தங்கம்" என்றுதான் சொல்வார். இளையவன் என் கொழுந்தன். அவனுக்கு அவர் வைத்த பெயர் "வம்பு". பெயருக்கு ஏற்ற மாதிரிதான் அவனும் நடந்துகொண்டான், நான் மறைக்கப் போவதில்லை. பாதி வழியில் "இறக்கு" என்று சொல்லிவிட்டுப் போன் பேசப் போவான். ஒருமுறை எதிர் மாடியில் ஒரு பெண் துணி காயப்போடுவதைப் பார்ப்பதற்காகவே இறக்கச் சொன்னான். அன்றைக்கு மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இனிமே அவன் இறக்குன்னு சொன்னா யாரும் இறக்கக் கூடாது."

தங்கத்தின் கதை வேறு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமா, "பெரியவனப் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா" என்றபோது பெருமையாக இருந்தது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று போகப் போகத்தான் புரிந்தது. சின்ன வயதில் வம்பு சுவரேறிக் குதித்துக் கையை உடைத்துக்கொண்டபோது வீடே ஆஸ்பத்திரியில் கிடந்ததாம். இவர் அந்த நேரம் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்து, தானே எழுந்து பாத்திரமும் கழுவி வைத்தாராம். மாமா இதை இன்றும் பெருமையாகச் சொல்வார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் இவருடைய வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கனம் தூக்கினால் கை மொத்தமாகப் போய்விடும் என்றார் டாக்டர்.

"மாமாகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"அவருக்குத் தம்பியோட பாடே பெரும்பாடா இருக்கு. நானும் சேர்ந்து படுத்தணுமா? நீயும் வாயத் திறக்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து கொடுத்துத் தொலைத்தேன்.

அடுத்த வாரமே ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆளுயரக் கண்ணாடி போட வேண்டி வந்தது. இரண்டாவது மாடி. லிஃப்டில் நுழையவில்லை, படிதான் வழி. படியேறும்போது கனமெல்லாம் கீழே இருப்பவர் மேல்தான் சாயும். மாமா யோசிக்கவே இல்லை.

"பெரியவன் கீழ நிக்கட்டும்."

வம்பு மேல் முனையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்தபடி பின்னோக்கி ஏறினான். மாமா படி திரும்புகிற இடத்தில் நின்று, "காலப் பாத்து வைடா. பராக்குப் பாக்காத" என்று அவனையே விரட்டிக்கொண்டிருந்தார். கீழே நிற்பவர் பக்கம் அவர் கண் வரவே இல்லை. நான் பசை டப்பாவும் கிளிப்புகளும் இருந்த பையோடு இவருக்குப் பின்னால் ஏறினேன்.

முதல் மாடியைத் தாண்டியதும், கையுறைக்குள் இவருடைய சுண்டுவிரல் கண்ணாடியை விட்டு விலகியது. பிறகு மோதிர விரலும் விலகியது. கண்ணாடி லேசாகச் சரிய, இவர் முழங்காலை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அப்போதும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்குகிற இருவரில் ஒருவர் சொல்ல மாட்டார், மற்றவன் சொன்னால் எடுபடாது. அந்தக் கண்ணாடியை நிறுத்த ஆளே இல்லை.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று நான் வாயெடுப்பதற்குள் வம்பு சொன்னான்.

"இறக்கு."

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் மாமா. "ஏறுடா."

"இறக்குன்னா இறக்கு. அண்ணா, குனி."

இவர் குனியவில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான் இவருக்கு. கண்ணாடி இன்னும் கொஞ்சம் சரிந்தது. வம்பு தன் முனையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரே தாவலில் கீழே வந்து, அண்ணன் பக்கத்துக் கனத்தைத் தோளில் வாங்கிக் கண்ணாடியைப் படியில் உட்காரவைத்தான்.

மாமா தடதடவென்று இறங்கி வந்தார். "நாலு படி ஏறறதுக்குள்ள உனக்கு மூச்சு வாங்குதா? அவனப் பாரு. ஒரு வார்த்தை பேசறானா?"

வம்பு அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். திட்டை வாங்கிக்கொண்டு நின்றானே தவிர, காட்டிக்கொடுக்கவில்லை. இவர் கண்ணாடியின் அடியைப் பிடிக்க மறுபடி குனிந்தார். விரல்கள் மடங்கவில்லை. இன்னொருமுறை முயன்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னால முடியலப்பா."

இந்த வாயிலிருந்து மாமா அப்படியொரு வார்த்தையைக் கேட்டதே இல்லை. திகைத்துப்போனார். அப்புறம், பழக்கதோஷம், சடக்கென்று வம்பின் பக்கம் திரும்பினார்.

"அவன என்னடா பண்ணித் தொலைச்ச?"

வம்பு சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை. கையுறையை உருவிவிட்டு, வலது கையை அப்பாவின் முன்னால் நீட்டினார்.

"அவன் ஒண்ணும் பண்ணல. அவன் ஒருத்தன்தான் என் கையப் பாத்தான்."

மாமா அந்தக் கையைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு விரலாக விரித்து விரித்துப் பார்த்தார். எவ்வளவு நாளாக என்று அவர் என்னிடம்தான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்துதான் போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இன்னும் முக்கால் மாடி பாக்கி இருந்தது. கீழ் முனையை வம்பு எடுத்துக்கொண்டான். மேல் முனையை நான் பிடித்தேன். மாமா வழக்கம்போல, "பாத்துடா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அண்ணி, நான் இறக்குன்னு சொன்னா இறக்குவீங்கல்ல?" என்று கேட்டான் வம்பு.

நான் பதில் சொல்வதற்குள் மாமா சொன்னார், இவருடைய கையை விடாமலேயே.

"இறக்குவா. நீ சொல்லு."