திறந்து பார்க்காத பார்சல்

நான் வேலை செய்கிற கோல்ட் ஸ்டோரில், குளிர்க் கிடங்கில், பாதிப் பெட்டி நியூசிலாந்திலிருந்து வரும். சீஸ், பட்டர், இறைச்சி. பெட்டி தூக்குகிற ஆட்களிலும் பாதி அங்கிருந்து வந்தவர்கள். நானும் அப்படித்தான். மன்னாரிலிருந்து ஒக்லாந்து போய், அந்த நாட்டுப் பாஸ்போட் எடுத்து, சம்பளம் கூட என்று சிட்னிக்கு வந்தவன். நியூசிலாந்தில் ஆட்களைவிடச் செம்மறி கூட. இரண்டு நாட்டுக்கும் ரக்பி நடக்கும் கிழமையில் உள்ளூர்க்காரர் எங்களிடம், உங்கள் செம்மறிகளை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். நீங்கள் தோற்பதைப் பார்க்க வந்தோம், செம்மறி தன்னைத் தானே பார்க்கும் என்போம்.

அந்தப் பாஸ்போட்டால் எனக்கு இங்கே தடையில்லை. மனைவி ஊரிலிருந்து நேரே வந்தவள். என்னை வைத்துக் கிடைத்த ரெம்பரரி விசாதான், கொஞ்சக் காலத்துக்கு. அதை வெட்டினால் அவள் திரும்பிப் போக வேண்டும்.

போன வருடம் ஒக்லாந்துக்கு மாதா திருவிழாவுக்குப் போனோம். திரும்பும்போது ஓர் அன்ரி ஒரு பார்சல் தந்தா. சிட்னியில் ஹோம்புஷில் இருக்கிற தன் தங்கச்சிக்காம். துணியால் சுற்றித் தைத்திருந்தது. எங்கள் ஆட்கள் பார்சலைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே என்ன என்று கேட்பதும் மரியாதை இல்லை. என் பெட்டியில் இடமில்லை. மனைவியின் பெட்டிக்குள் வைத்தோம்.

விமானத்தில் அட்டை தந்தார்கள். சாப்பாட்டுச் சாமான், செடி, மண் இருக்கிறதா என்று கேட்டிருந்தது. இரண்டு பேருக்கும் நானே நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டேன். அவளுடைய அட்டையில் அவள் கையெழுத்து வைத்தாள்.

சிட்னியில் சோதனை வரிசையில் நிற்கும்போது குளிர்கிறது என்று ஜம்பர் எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டையில் கறுத்த மண். பார்சலை அமத்திப் பார்த்தாள். கிழங்கு என்றாள்.

வத்தாளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி. அங்கே ஆதிக்குடி மாவோரிகள் நடுகிற இனம். அன்ரி பக்கத்து வீட்டு மாவோரி மனிசியிடம் நடப் பழகி வளவில் போட்டிருந்தா. தங்கச்சி இங்கே நடட்டும் என்று மண்ணோடேயே கட்டித் தந்திருக்கிறா.

பூச்சி, நோய் வரும் என்று இந்த நாட்டுக்குள் கிழங்கும் மண்ணும் விடமாட்டார்கள். முன்னால் ஒரு நாய் ஒவ்வொரு பெட்டியாக மணந்துகொண்டு வந்தது. பொய் எழுதினால் விசாவை அங்கேயே வெட்டுவார்கள் என்று வேலையிடத்தில் கதைத்துக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் வராது. அவளுக்கு வரும். எறிவதற்குத் தொட்டி பின்னால் இருந்தது. வரிசையை விட்டு நான் விலகவில்லை.

"நான் சொல்லப்போறன்," என்றாள்.

"என்னெண்டு?"

"தெரியாமல் கொண்டுவந்தம் எண்டு. வேறென்ன சொல்லுறது."

பெட்டியை இழுத்துக்கொண்டு அவளே போனாள். அதிகாரி துணியை வெட்டிக் கிழங்கை எடுத்தான். அட்டையைப் பார்த்தான். அவளுடைய பாஸ்போட்டை நெடுநேரம் பார்த்தான். யாரையோ கூப்பிட்டுக் கதைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு, தேடமுதல் தானே வந்து சொன்னபடியால் விடுகிறேன், இனி இப்படி வராதே என்று சொல்லிப் பாஸ்போட்டைத் திருப்பித் தந்தான்.

கார் பார்க்கில் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் ஏறினோம். அப்போது ஹோம்புஷ் அன்ரியின் போன் வந்தது. கிழங்கு பத்திரமோ என்று கேட்டா.

"எயாப்போட்டில எடுத்துப்போட்டினம் அன்ரி," என்றாள் மனைவி. "இனி ஆர் தந்தாலும் திறந்து பாத்துத்தான் கொண்டுவருவம்."

அன்ரி போனை வைத்துவிட்டா. கோயிலில் கண்டால் இப்போதும் முகம் கொடுப்பதில்லை. கொடுக்காமல் இருக்கட்டும். மனைவி இங்கே இருக்கிறாள்.